காட்டோரக் குளத்தில் ஓர் இரவு: கூடாரம் போட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி உள்ளே போனால், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம் முடிந்து ரிசர்வ் காடு தொடங்கும் எல்லையில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. கரையைச் சுற்றி நடக்க இருபது நிமிடம் போதும். அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்ந்து, இன்றைக்கு ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கும் நாங்கள் ஐந்து பேர் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை அங்கே கூடாரம் போட்டுத் தங்குகிறோம். படங்களைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்களும் கூட வேலை செய்பவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். பாதிப் பதில்கள் என் மாமாவுடையவை. நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கூடாரத்துக்குள் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. "வீடு இருக்கிறவன் எதுக்குடா வெளியில படுக்கணும்?" என்பது அவர் கட்சி.

குளத்தின் பெயர் என்ன? லொகேஷன் அனுப்புவீர்களா?

மாட்டேன், கோபிக்க வேண்டாம். மூன்று கூடாரம் போட்டால் அங்கே இடம் முடிந்தது. நான்காவது ஆள் சரிவில்தான் படுக்க வேண்டும். ஆனால் இப்படி ஒரு குளம் எங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, அலசி எடுக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். அதற்காகப் பழைய தோட்டங்கள் பலவற்றில் ஓடையை மண்கரை போட்டு மறித்திருப்பார்கள். அந்த ரப்பர் ஸ்டோர் இடிந்து, கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் குளம் மட்டும் மிஞ்சியிருக்கும். உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று வீட்டில் கேளுங்கள். அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

அனுமதி வாங்க வேண்டுமா? யாரிடம்?

வேண்டும். அதுவும் இரண்டு இடத்தில். தோட்டம் தனியார் நிலம். மேனேஜர் ஆபீசில் சொல்லி, எத்தனை பேர், எந்தக் காடி (வண்டி), என்றைக்குத் திரும்புகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டில் இருக்கும் காவல்காரர் ஜாகாவிடமும் முகம் காட்டிவிட்டுப் போங்கள். நாளை நீங்கள் திரும்பி வரவில்லை என்றால் முதலில் கவனிக்கப் போகிறவர் அவர்தான். குளத்துக்கு மறுகரை ரிசர்வ் காடு என்றால் அது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்துக்குள் வரும். அங்கே நுழைய மாநில வனத்துறையின் பெர்மிட் வேண்டும், அதைக் கிளம்பும் நாளில் கேட்டால் கிடைக்காது. சுங்கை சிப்புட் உட்புறத்தில் தெமியார் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. பாதை அவர்கள் ஊர் வழியாகப் போனால் இறங்கி நின்று கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.

"அனுமதி வெறும் காகிதம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின்மேல் மலைச்சரிவு இறங்கியது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் உயிரிழந்தார்கள். அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. உரிமம் கேட்டுப் போயிருந்தால் யாராவது ஒருவர் வந்து அந்தச் சரிவை நிமிர்ந்து பார்த்திருப்பார். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

எந்த மாதம் வரலாம்?

பிப்ரவரி நல்லது. ஜூன், ஜூலையும் பரவாயில்லை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும் பருவக்காற்று மாறும் காலம். காலையில் வெயில் கொளுத்தும், மாலையில் இடியோடு கொட்டும். தீபாவளி லீவில் வருகிறோம் என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். தீபாவளி சரியாக அந்த மழையில்தான் வந்து விழும். வீட்டில் முறுக்கு சாப்பிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

மூன்று மணிக்கு. ஐந்து மணிக்குள் கூடாரம் நின்றிருக்க வேண்டும். நம் ஊரில் இரவு ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால் வந்த வெளிச்சம் அது. மரத்தடியில் ஆறரைக்கே கயிறு கண்ணுக்குத் தெரியாது. மாமா காலத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரத்துக்குப் போவார்கள். கையில் பிடிக்கும் டார்ச் வேண்டாம், நெற்றி விளக்கே வாங்குங்கள். இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் காட்டில் வேலை நடக்கும்.

என்ன மாதிரி கூடாரம் வாங்குவது?

இரண்டு அடுக்கு உள்ளதாக. உள்ளடுக்கு கொசுவலைத் துணி, வெளியடுக்கு மழைத்துணி, இரண்டுக்கும் நடுவில் காற்று ஓட இடைவெளி. பேரங்காடியில் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் ஒற்றைத் துணிக் கூடாரத்தில் வெளியே மழை இல்லாவிட்டாலும் உள்ளே நனைவீர்கள், நம் மூச்சின் ஈரமே துணியில் படிந்து சொட்டும். குளத்தங்கரையில் அது இன்னும் மோசம். மழைத்துணி 2000 மில்லிமீட்டருக்குமேல் தண்ணீர் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். "நான்கு பேர் கூடாரம்" என்றால் இரண்டு பேரும் இரண்டு பைகளும் என்று அர்த்தம்.

தூங்கும் பை வேண்டாம். தாழ்நிலக் காட்டில் இரவு 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. ஒரு பாய், ஒரு கைலி, காலுக்கு ஒரு காலுறை. அவ்வளவுதான்.

எங்கே போடுவது?

இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். நாங்களும் செய்தோம். முதல் தடவை போனபோது, ஓடை வந்து குளத்தில் விழும் இடத்தில் பாய் விரித்ததுபோல ஒரு மணல் திட்டு. கல் இல்லை, வேர் இல்லை. இவ்வளவு நல்ல இடத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று பெருமையாக அங்கே கூடாரம் போட்டோம். நள்ளிரவுக்குமேல் மழை. எங்கள் தலைக்குமேல் பெரிதாகக் கொட்டவுமில்லை, மேலே மலையில்தான் பெய்திருக்கிறது. நான் விழித்தபோது பாய் மிதந்துகொண்டிருந்தது. நண்பனின் செருப்பை மறுநாள் குளத்தின் மறுகரையில் எடுத்தோம். ஊருக்குத் திரும்பி மாமாவிடம் சொன்னால் சிரிக்கக்கூட இல்லை. "தண்ணி படுத்த இடத்துல நீ எதுக்குப் படுத்த?" என்று கேட்டார்.

அந்த இடம் சமமாக இருந்ததற்குக் காரணமே தண்ணீர்தான். இப்போது கரைக்குப் போனதும் புதர்களின் அடித்தண்டைப் பார்ப்போம். காய்ந்த இலையும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கி நிற்கின்றனவோ, கடைசி வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. அதற்குமேல் குறைந்தது ஓர் ஆள் உயரம் ஏறிய பிறகுதான் இடம் தேடுவோம். ஆனால் வெட்டிய மண்சரிவின் அடியிலும் வேண்டாம். அங்கே மேலிருந்து வரும்.

அப்புறம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பட்ட கிளை தொங்கினால் அது இன்று இரவு விழாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. பழைய கித்தா மரம் காற்றுக்கு முறியும். செம்பனை அடியில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். தனியாக உயர்ந்து நிற்கும் மரத்தடியும் வெட்டவெளிக் கரையும் இடிக்குப் பிடித்த இடங்கள். இவ்வளவையும் தள்ளிவிட்டால் எங்கள் குளத்தில் மிஞ்சுவது அந்த மூன்று கூடார இடம்தான்.

குளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

தோட்டத்தை ஒட்டிய குளமென்றால் கூடாது. கிருமி காய்ச்சினால் சாகும், களைக்கொல்லி மருந்து காய்ச்சினாலும் போகாது. செம்பனை வரிசைகளில் அடிக்கும் மருந்தும் உரமும் மழையில் கரைந்து இறங்கிச் சேரும் பள்ளம் அந்தக் குளம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மருந்தடிப்பு வேலையில் முதுகில் டாங்கியைச் சுமந்து நகம் கெட்டுப்போன பெண்கள் எங்கள் லயத்திலேயே உண்டு, அதனால் அந்தச் செய்தி வந்த நாள் நினைவிருக்கிறது. தடை வந்தாலும் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கொண்டு வாருங்கள், சமையலுக்குத் தனி. காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையில், தோட்டத்தைத் தொடுவதற்குமுன் பிடித்தால், நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கிக் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நெருப்பு மூட்டலாமா?

முதல் இரவுக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். புளிச்சோறும் நெத்திலி சம்பலும் கெடாது. மறுநாள் பசியாற ரொட்டி, சார்டின் டின், மைலோ. கேஸ் அடுப்பு ஒன்று இருந்தால் போதும். விறகு நெருப்பு ஆசைக்குத்தான், அதுவும் ஏற்கெனவே கரி படிந்த இடத்தில், கீழே விழுந்த சுள்ளியை வைத்து. வறட்சியான வாரங்களில் அதுவும் இல்லை.

புளிச்சோற்றை அவிழ்க்கும்போதெல்லாம் பாட்டி சொன்னது ஞாபகம் வரும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, உணவுக் கட்டுப்பாடு இருந்த தோட்டங்களில் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். சமைத்த சோற்றைக்கூட வெளியே எடுத்துப் போக முடியாது. வெறும் வயிற்றோடு பால் வெட்டிவிட்டு வந்துதான் சாப்பாடு. நாம் இன்று இரண்டு அடுக்குக் கேரியரோடு அதே காட்டோரத்துக்குப் போகிறோம். நம் பெரியவர்கள் "காட்டுப்பக்கம் போகாதே" என்று அதட்டுவது பேய்க்குப் பயந்து மட்டுமல்ல.

குளிக்கலாமா, நீந்தலாமா?

முதலில் அது என்ன குளம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடையை மறித்த தோட்டத்துக் குளம் மெல்ல மெல்ல ஆழமாகும். கிந்தா பள்ளத்தாக்கெங்கும் கிடக்கும் பழைய ஈயக் (வெள்ளீயச் சுரங்க) குட்டைகள் அப்படியல்ல. இரண்டடி வைத்தால் முழங்கால், மூன்றாம் அடியில் ஆளே இல்லை. கரை களிமண், பிடிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் பச்சையாக, கண்ணாடிபோல் அழகாக இருக்கும். அழகாக இருக்கிறது என்பதற்காக இறங்காதீர்கள்.

எங்கள் குளத்தில் நாங்கள் இடுப்பளவுக்குமேல் போவதில்லை. அடியில் பழைய மரக்கட்டைகள் கிடக்கின்றன. தோமான் மீனும் உண்டு. சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தால் உடனே விலகுங்கள். தாயும் தகப்பனும் கீழேயே காவல் இருக்கும், பல்லும் பெரிது. கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். காரணம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர் ஒருவர் கரையில் நிற்காமல் யாரும் இறங்குவதில்லை என்பது எங்கள் சட்டம்.

தூண்டில் போடலாமா?

தாராளமாக. ஹருவான் (விரால் மீன்) கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்களுக்கு அதைச் சமைத்துக் கொடுக்காத வீடு நம் ஊரில் குறைவு.

அட்டை கடிக்குமா?

கடிக்கும். அதற்குப் பயந்து வராமல் இருப்பவர்கள்தான் அதிகம், பாவம் அது ஒன்றும் செய்யாது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் அட்டை விழுந்த பிறகும் காயம் கொஞ்ச நேரம் கசியும், பார்க்கத்தான் பயங்கரம். நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் வந்துவிடும். பால் வெட்டுக்காரர்கள் ஊறவைத்த புகையிலைத் தண்ணீரைக் காலில் பூசிக்கொள்வார்கள். நாங்கள் நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, காலுறைமேல் அதே தண்ணீரைத் தெளிக்கிறோம். வேலை செய்கிறது.

அட்டையைவிடக் கொசுவுக்கு அஞ்சுங்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. பொழுது சாயும்போது முழுக்கை சட்டை, கொசு மருந்து.

யானை வருமா? பாம்பு?

சுங்கை சிப்புட் உட்பகுதித் தோட்டங்களுக்கு யானை வருவது புதிதல்ல. இளம் செம்பனையின் குருத்து அதற்குக் கரும்புபோல. வழியில் ஈரமான சாணமோ பிடுங்கிப்போட்ட கன்றோ தெரிந்தால் அன்று தங்காதீர்கள், அப்படியே காடியைத் திருப்புங்கள். நாங்கள் ஒரு தடவை திரும்பியிருக்கிறோம். பட்டாசு, டார்ச், ஹாரன் என்று வீரம் காட்டும் வேலை வேண்டாம்.

பாம்பைப் பொறுத்தவரை, செருப்பைக் கூடாரத்துக்கு உள்ளே வையுங்கள், ஜிப்பை எப்போதும் மூடுங்கள், இரவில் விளக்கில்லாமல் ஓரடி வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்துப் பட்டணத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

குரங்குதான் நிஜமான தொல்லை. ஜிப் திறக்கத் தெரிந்த குரங்குகளை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு காடிக்குள்.

அந்த இடத்தில் முனி இருக்கிறதாமே?

கரைக்குப் போகும் வழியில் ஒரு கல், ஒரு சூலம், சிவப்புத் துணி. தோட்டத்தின் காவல் எல்லை அது. சூடம் கொளுத்திவிட்டு, அது அணையும்வரை நின்று, பிறகு போவோம். நம்பாதவர்களும் எங்களோடு நின்றிருக்கிறார்கள்.

முனியின் பேரில் மாமா மூன்று சட்டம் சொல்வார். பொழுது சாய்ந்தபின் குளத்தில் இறங்காதே. இருட்டில் விசிலடிக்காதே. தனியாக எழுந்து போகாதே. சின்ன வயதில் பயந்து கேட்டேன், காலேஜ் போனதும் சிரித்தேன். பிறகு ஒருநாள் அந்திப்பொழுதில் கரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கரையில் காட்டுப்பன்றி குட்டிகளோடு தண்ணீர் குடிக்க இறங்கியது. அதன் நேரத்தில் அங்கே நாம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதை ஒரு பத்து வயதுப் பையனுக்குப் புரியவைக்க முனியைவிட நல்ல வழி எனக்கும் தெரியவில்லை. என் மகனுக்கும் முனி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பீக்கர் கொண்டு வரலாமா? பீர்?

வேண்டாம். வேண்டாம்.

பெண்கள் வருகிறார்களா? கழிப்பறைக்கு என்ன செய்கிறீர்கள்?

வருகிறார்கள், என் தங்கைதான் எங்களில் கூடாரத்தை வேகமாகப் போடுபவள். அவள் வந்த பிறகுதான் கழிப்பறையை ஒழுங்காக யோசித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீரிலிருந்து எழுபது எட்டு தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி. சுற்றிக் கென்வாஸ் திரை. பக்கத்தில் மண்வாரி, ஒரு போத்தல் தண்ணீர். போய்விட்டு மண் தள்ளி மூடிவிட வேண்டும். நாப்கின், ஈரத்துணிக் காகிதம் எல்லாம் புதைக்கக் கூடாது, பன்றி தோண்டிவிடும். கறுப்புப் பையில் கட்டி வீட்டுக்கு. இருட்டில் போகிறவரோடு இன்னொருவர் பாதிவழிவரை போய்த் திரும்பி நிற்பார். மாமாவின் மூன்றாவது சட்டம்.

போன் கிடைக்குமா?

கரையில் கிடைக்காது, மண்கரை மேட்டில் ஏறினால் ஒரு கோடு வரும். அவசரத்துக்கு 999. ஆனால் அதை நம்பிப் போகாமல், நாளை இத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் தேடு என்று வீட்டில் ஒருவரிடம் நேரம் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

கூடாரத்தை அன்றே விரித்துக் காயவையுங்கள், ஒரு வாரம் மடித்து வைத்தால் பூசணம் பிடித்து அடுத்த தடவைக்கு ஆகாது.

முக்கியமானது காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காயத்தின் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும் நோய் ஒன்று இருக்கிறது. எலிக்காய்ச்சல், மலாயில் கென்சிங் தீக்குஸ் என்பார்கள். 2010இல் பகாங்கின் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் ஒருவரைத் தேடித் தண்ணீரில் இறங்கிய மீட்பாளர்களில் சிலர் இந்த நோயும் மண்ணில் வாழும் இன்னொரு கிருமியும் தாக்கி இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம்கூட ஆகலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. அந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், எந்தத் தேதியில் காட்டோரத்தில் தங்கினீர்கள், குளத்தில் இறங்கினீர்களா என்று நீங்களே சொல்லுங்கள். கொசுக் கடித்ததையும் சேர்த்து.